ஷோகேஸில் இருந்தால் கியூரியோ, ரேஞ்சுக்கு வந்தால் குற்றமா?

மக்களே, முதலில் ஒரு சின்னக் கேள்வி. பதிலை மனசுக்குள் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நூற்றைம்பது வருஷத்துக் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. இன்னமும் சுடும் நிலையில் இருக்கிறது. அதை எங்கே வைத்தால் ஊருக்கு நல்லது?

அ) ஒருத்தர் வீட்டு வரவேற்பறை ஷோகேஸில், பீங்கான் பொம்மைக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவில்.

ஆ) பூட்டிய ஆயுத அறை, பதிவேடு, கண்கொத்திப் பாம்பாக நிற்கும் ரேஞ்ச் ஆபீசர், எல்லாம் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில்.

'ஆ' என்றுதானே சொன்னீர்கள்? நானும் அதையேதான் சொல்வேன். குருசுக்குப்பத்துக் கடற்கரையில் வலை பின்னுகிற பெரியவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். ஆனால் நம் நாட்டு விதி மட்டும் 'அ' பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? 1959 ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிகளை ஆரம்பத்திலேயே தன் பிடியிலிருந்து விலக்கி வைத்துவிட்டது. அது சரி, செத்த பாம்பை அடிப்பானேன். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் 2016 ஆயுத விதிகளைத் திருத்தியபோது ஒரு விளக்கமும் கொடுத்தது. 'கியூரியோ' என்ற வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றாலோ, கையில் எடுத்துப் போக வேண்டுமென்றாலோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலோ உரிமம் வேண்டும். உரிமத்தில் அந்தத் துப்பாக்கி ஏறாத வரை அதற்குத் தோட்டா விற்கக் கூடாது.

பின்பாதி நியாயம். முன்பாதிதான் உதைக்கிறது. 'பயன்படுத்த உரிமம் வேண்டும்' என்று எழுதும்போதே அதில் சில சுடும் என்று விதிக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி ஐயா, சும்மா வைத்திருப்பதற்குக் கேள்வியே கிடையாது, ஒழுங்காகக் குறி பார்த்துச் சுடுவதற்கு மட்டும் இத்தனை கேள்வி?

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். சுடக்கூடிய பழந்துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது கஷ்டமாக இருக்க வேண்டும். அதை ரேஞ்சில், விதிகளோடு, காகிதக் குறியை நோக்கிச் சுடுவது சுலபமாக இருக்க வேண்டும். இப்போது இருப்பது தலைகீழ்.

இது ஒரு விளையாட்டா?

"பழைய துப்பாக்கியில் போட்டியா? சும்மா ரீல் விடாதே" என்று வகுப்பில் ஒருத்தன் சிரித்தான். ரீல் இல்லை தம்பி. எம்.எல்.ஏ.ஐ.சி. என்று ஒரு சர்வதேச அமைப்பு 1971-லிருந்து இருக்கிறது. (எம்.எல்.ஏ. என்றதும் நம் தொகுதி ஆள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற துப்பாக்கிகளுக்கு உலகச் சாம்பியன்ஷிப் நடத்துவதுதான் அதன் வேலை. பழைய அசலுக்கு ஒரு பிரிவு, அதே அச்சில் புதிதாகச் செய்த நகலுக்கு ஒரு பிரிவு. கைத்துப்பாக்கியில் மட்டும் திரி வைத்தது, சிக்கிமுக்கிக் கல் வைத்தது, கேப்பு வைத்தது, பழைய ரிவால்வர் என்று பல பந்தயங்கள்.

விதி கேட்டால் ரசிப்பீர்கள். குறி 25 மீட்டர் தள்ளி. நின்றபடி, ஒற்றைக் கையால். 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம், சிறந்த 10 மட்டும் கணக்கு. மருந்தை முன்கூட்டியே அளந்து சின்னக் குப்பிகளில் தனித்தனியாக எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கோலால் அழுத்தி, கேப்பு மாட்டி, மூச்சைப் பிடித்து, ஒரு டுமீல். அப்புறம் மூக்கில் கந்தக வாசனை, முகத்துக்கு முன்னால் ஒரு புகை மேகம். அது கலைந்த பிறகுதான் குண்டு எங்கே விழுந்தது என்றே தெரியும். தீபாவளிக்குக் கேப்பு வெடித்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதன் தாத்தா. :-)

சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி இன்னும் மோசம். விசையை இழுத்தவுடன் வெடிக்காது. கல் உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அது உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் குண்டு கிளம்பும். கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரம் முழுக்க, முகத்துக்குப் பக்கத்தில் தீ எரியும்போதும், கை அசையக் கூடாது. இதைவிடப் பெரிய மனப் பயிற்சி எனக்குத் தெரியாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுப் டிகெச் ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய படத்தை நாமெல்லாரும் பார்வர்ட் செய்து தள்ளினோம். "கருவியே இல்லாமல் ஜெயித்தார்" என்று புல்லரித்தோம். அவர் கையில் இருந்தது அசல் போட்டித் துப்பாக்கிதான். இல்லாமல் இருந்தது பிரத்யேகக் கண்ணாடியும் மறைப்பும் மட்டும். ஆனாலும் நமக்கு ஏன் அவ்வளவு பிடித்தது? கருவியைவிட ஆள் பெரிதாகத் தெரிந்தார், அதனால். டோக்கியோவில் 2021-ல் மனு பாக்கருக்கு நடந்தது அதன் மறுபக்கம். தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கி பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போய், இறுதிச் சுற்றும் போயிற்று. அதே மனு பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிக் கணக்கைத் தீர்த்தார் என்பது வேறு கதை.

நவீனத் துப்பாக்கி கெட்டது என்று சொல்லவில்லை. மனிதக் கை எவ்வளவு ஆடுகிறது என்பதை ஒளிக்காமல் காட்டுகிற கருவி பழசு. அதற்கென்று ஒரு இடம் விளையாட்டில் வேண்டும் என்கிறேன்.

கொலைக் கருவி எப்போது விளையாட்டுச் சாமான் ஆகும்?

அடுத்தது, "கொல்வதற்காகச் செய்த சாமானை விளையாட்டு என்கிறாயே" என்ற கேள்வி. நல்ல கேள்வி. ஈட்டி எறிதலும் வில்வித்தையும் எதற்காகப் பிறந்தவை, சாமி? சிலம்பம்?

கைத்துப்பாக்கியின் கதையையே பாருங்கள். 1780-ல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் மானப் பிரச்சினைக்காகத் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். பிரான்சிஸின் மருந்து நமத்துப் போயிருந்ததால் புது மருந்து போட வேண்டியதாயிற்று. கடைசியில் குண்டு வாங்கியதும் அவர்தான். 1784-ல் நம் சென்னையிலேயே கவர்னர் மெக்கார்ட்னி, சாட்லியர் என்ற கவுன்சில் உறுப்பினரோடு அதே மாதிரி நின்று காயம்பட்டார். ஊரை ஆள வந்த பெரிய மனுஷர்கள்!

அந்த வழக்கம் எப்படி அடங்கியது? தடைச் சட்டம் ஒரு பக்கம். விளையாட்டு இன்னொரு பக்கம். 1906-ல் ஏதென்ஸில் நடந்த போட்டிகளில் கோட்டுப் போட்ட பொம்மையைச் சுடும் பந்தயமாக அது மாறியிருந்தது. 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி, பிரான்சில் பிரபலமாக இருந்த மெழுகுக் குண்டு முறையில், முகமூடி மாட்டிக்கொண்டு காட்சிப் போட்டியாக ஆடினார்கள். மனிதன் இருந்த இடத்தில் பொம்மை வந்தது, ஈயம் இருந்த இடத்தில் மெழுகு வந்தது, கடைசியில் காகித அட்டை வந்தது. ஆயுதத்தை அடக்குவது என்றால் இதுதான். இரும்பு அதே இரும்புதான். அதைச் சுற்றி எழுதிய விதிதான் மாறியது.

நம் ஊர்க் கதை

புதுச்சேரிக்காரன் துப்பாக்கி பற்றிப் பேசினால் வாஞ்சிநாதன் வராமல் முடியுமா? 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ், பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. நாலாவது வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன் 1910-ல் பாரிஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், கரடிக்குப்பத்தில் வாஞ்சிக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தார் என்பது நம் ஊர் வழிவழியாகச் சொல்கிற கதை.

ஏன் இங்கே? பிரிட்டிஷ் இந்தியாவில் 1878 ஆயுதச் சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் துப்பாக்கி வைக்கலாம், இந்தியன் உரிமம் கேட்டு நிற்க வேண்டும். அந்தச் சட்டம் பிரெஞ்சு எல்லைக் கோட்டோடு நின்றுவிடும். அதனால் இங்கே.

அந்தக் கொலை சரியா தவறா என்று நூறு வருஷமாக அடித்துக்கொள்கிறோம், இன்னும் அடித்துக்கொள்வோம். நான் அதற்குள் போகவில்லை. என் வருத்தம் வேறு. துப்பாக்கி என்றால் ஒன்று வாஞ்சி, இல்லையென்றால் சினிமா ஹீரோ. மூன்றாவதாக ஒரு படம் நம் தலையில் இல்லவே இல்லை. காதில் அடைப்பான் மாட்டி, உத்தரவுக்குக் காத்திருந்து, பத்து முறை சுட்டு, அட்டையை எடுத்துப் பார்த்துத் தன் கையைத் தானே திட்டிக்கொள்ளும் மனிதனின் படம். என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைபிளைத் தொட்டவர்கள் நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறோம். முதல் நாள் சொல்லிக்கொடுத்தது என்ன? உத்தரவு வரும்வரை விரல் விசைக்கு வெளியே. சினிமா நூறு படத்தில் சொல்லித்தராததை ஒரு ஹவில்தார் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

பழசை விளையாடுவது நமக்குப் புதுசும் இல்லை. மாலையில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்கள் இரும்புக் குண்டை வீசி பெத்தாங்க் ஆடுவதைப் பார்த்ததில்லையா? பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது. 'காலனி மிச்சம்' என்று யாராவது அந்தக் குண்டுகளைப் பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோமா?

ஒரே துப்பாக்கி, இரண்டு பெயர்

இப்போது கொஞ்சம் கோபப்படுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாய் வழியாக மருந்து போட்டு, ரவை போட்டு, கோலால் இடித்துச் சுடும் கலையைத் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தவர்கள் யார்? நரிக்குறவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை போயிற்று. போனது சரிதான், காட்டில் மிச்சமிருப்பதாவது பிழைக்கட்டும். ஆனால் வேட்டையோடு அந்தக் கையின் திறமையையும் சேர்த்துக் குப்பையில் போட்டோமே, அது சரியா? இன்று அவர்கள் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் சேரவே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாய்வழித் துப்பாக்கி பெரிய வீட்டுச் சுவரில் தொங்கினால் அதற்குப் பெயர் 'கியூரியோ'. விருந்தாளிக்குக் காட்டிப் பெருமைப்படலாம். அதே முறையில் வேலை செய்யும் ஒன்று, உரிமம் இல்லாமல் ஒரு நரிக்குறவர் தோளில் தொங்கினால் அதற்குப் பெயர் 'நாட்டுத் துப்பாக்கி'. ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ஐரோப்பாவில் அதே வித்தையை அரை மணி நேரத்தில் பதின்மூன்று முறை சரியாகச் செய்தால் கழுத்தில் மெடல். இரும்புக்கு ஜாதி இல்லை, நாம்தான் கொடுத்திருக்கிறோம்.

இந்தியாவில் முடியாத காரியமா என்றால், குடகைப் பாருங்கள். கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டு, உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி நடத்துகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே குடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. அது நீளத் துப்பாக்கி, என் வாதம் கைத்துப்பாக்கி. அந்த மாதிரி ஒட்டுமொத்த விலக்கையும் நான் கேட்கவில்லை. துப்பாக்கியை மரபாகவும் போட்டியாகவும் பார்க்க நம் அரசுக்குத் தெரியும் என்பதற்கு மட்டும் இதை எடுத்துக்காட்டுகிறேன். தெரிந்தது மலை மேல் மட்டும் ஏன் நிற்கிறது?

"நாட்டு வெடிகுண்டு போதாதா?"

இதுதான் எனக்கு வந்த எதிர்ப்புகளிலேயே கனமானது. "நம் ஊரில் ரவுடிகள் நாட்டு வெடிகுண்டு வீசுகிறார்கள், பையன்கள் பட்டாக்கத்தியில் கேக் வெட்டுகிறார்கள். இதில் நீ வேறு துப்பாக்கியைக் கொண்டு வா" என்றாள் ஒரு தோழி. பயம் நியாயமானது. சிரித்துத் தள்ள மாட்டேன்.

ஆனால் யோசியுங்கள். ரவுடி எதைத் தேடுவான்? சட்டென்று எடுக்க, மறைக்க, ஓடத் தோதான சாமானை. ஒரு முறை சுட்டுவிட்டு இரண்டு நிமிஷம் மருந்து அளக்கிற சாமானையா? அதுவும் அவன் கைக்கு எட்டக்கூடியது எது, வீட்டு ஷோகேஸா, ஆயுத அறையா? அவள் பயம் என் வாதத்துக்குத்தான் பலம்.

நாடு சார்ந்த உதாரணம் வேண்டுமா? பிரிட்டன். 1996 மார்ச் 13, ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளி. பதினாறு குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் கைத்துப்பாக்கிக்குப் பலியானார்கள். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. கைத்துப்பாக்கிகளைக் கிட்டத்தட்ட முழுசாகவே ஒழித்தார்கள். அவ்வளவு கடுமையான 1997 சட்டத்திலும், வாய்வழிக் கைத்துப்பாக்கிகளைச் சான்றிதழோடு அனுமதித்தார்கள். சரித்திர மதிப்புள்ள சில கைத்துப்பாக்கிகளுக்கு இன்னொரு வழியும் வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, அரசு குறித்த இடத்தில்தான் இருக்க வேண்டும், அங்கேயே சுடலாம். குழந்தைகளைப் பறிகொடுத்த நாடு, அழுதுகொண்டே எழுதிய சட்டத்தில், 'வீட்டில் வேண்டாம், ரேஞ்சில் இருக்கட்டும்' என்று பிரித்துப் பார்த்தது. நமக்கு அந்த நிதானம் கூடாதா?

"அசலைச் சுட்டுக் கெடுக்கலாமா?"

கூடாது. இதில் அருங்காட்சியகக்காரர்கள் பக்கம்தான் நான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதச் சாலையிலிருந்து வந்த பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து டுமீல் என்று வெடிக்கச் சொல்பவனை முதலில் நானே பிடித்துக் கொடுப்பேன். பழைய இரும்பு களைத்திருக்கும். கருமருந்துக்காகச் செய்த குழலில் இன்றைய புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே வெடித்துக் கை போகும். சரித்திரத்தில் பெயர் உள்ள துப்பாக்கி கண்ணாடிக்குள்தான் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் நகல். இத்தாலியில் கார்டோனே என்ற ஊரில் 1957-ல் தொடங்கிய பெதர்சோலி கம்பெனி பழைய மாதிரிகளைப் புது இரும்பில் செய்து விற்கிறது. உலகப் போட்டியில் நகலுக்கு என்று தனிப் பந்தயமே உண்டு. நமக்குத் திருச்சியில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத்துக்கு ரைபிள் செய்கிறவர்களுக்கு, தாத்தா காலத்து ஒற்றைக் குழல் கைத்துப்பாக்கி பெரிய கம்ப சூத்திரமா என்ன?

சரி, என்னதான் வேண்டும் உனக்கு?

1. சுடக்கூடிய நிலையில் உள்ள எந்தக் கியூரியோ கைத்துப்பாக்கியும் பதிவில்லாமல் வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்று, சுட முடியாதபடி செய்து ஷோகேஸில் வையுங்கள். அல்லது சங்கத்தின் ஆயுத அறையில் ஒப்படையுங்கள்.

2. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிச் சங்கங்களில் 'பழங்காலக் கைத்துப்பாக்கி' என்று ஒரு பிரிவு வேண்டும். துப்பாக்கி சங்கத்துடையது, மருந்து சங்கத்துடையது, கணக்கும் சங்கத்துடையது. சுடுகிறவர் கையை மட்டும் கொண்டுவந்தால் போதும். அப்போதுதான் மீனவர் வீட்டுப் பிள்ளையும் இதில் நிற்க முடியும். சொந்தமாக லட்சங்கள் போட்டு இறக்குமதித் துப்பாக்கி வாங்கினால்தான் நுழைவு என்றால், அது குறி பார்க்கும் போட்டி அல்ல, பர்ஸ் பார்க்கும் போட்டி.

3. போட்டிக்கு நகல் மட்டும். அசல் வேண்டுமென்றால் நிபுணர் சோதித்துச் சான்று கொடுத்த பிறகு.

4. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? மருந்து இடிக்கத் தெரிந்த நரிக்குறவப் பெரியவர்களைச் சம்பளம் கொடுத்து, 'மாஸ்டர்' என்று மரியாதையாக அழைத்து வந்து உட்கார வையுங்கள். அந்தத் தலைமுறை போய்விட்டால் இத்தாலிக்காரனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாலாவதைப் படித்துவிட்டு யாராவது முகம் சுளித்தால், பிரச்சினை துப்பாக்கியில் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் 2008-ல் அபினவ் பிந்த்ரா துப்பாக்கியில்தான் வந்தது. 2004-லிருந்து பாரிஸ் வரை துப்பாக்கி நமக்குக் கொடுத்த பதக்கங்களை எண்ணிப் பார்த்தால், இந்த நாட்டுக்குக் குறி பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஷோகேஸில் வைத்துப் பெருமை பேசுகிறவனுக்குச் சலுகையும், ரேஞ்சில் வியர்வை சிந்தத் தயாராக இருப்பவனுக்குச் சந்தேகப் பார்வையும் கொடுக்கிற வரைக்கும், நம் விதி மட்டும்தான் குறி தவறிக்கொண்டிருக்கிறது.

பி.கு: எனக்குத் துப்பாக்கி வேண்டும் என்று இதை எழுதவில்லை. வீட்டில் ஒன்று சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். ரேஞ்சில் ஒன்று இருந்தால் மட்டும், வரிசையில் முதல் ஆள் நான். :-)